அறிக்கை எழுதுவோர்க்கு

விழா மலர் என்றால் வாழ்த்துரையும் நினைவுரையும் நிறைந்திருத்தல் மரபு. அவற்றை எழுதுதற்கு எம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆகவே, சுவை குறைந்ததாயினும் நம் பழைய மாணவரிற் பெரும்பாலோர்க்கு நாளாந்தம் சோறிடுகின்ற ஒரு பொருளைப் பற்றி இங்கே எழுதத் துணிந்தோம். அஃது அறிக்கை எழுதும் தொழில்.

நம் கல்லூரியை விட்டுச் சென்றோர் பொறியியலாளராயினர்; கணக்காளராயினர்; நில அளவையாளராகவும் வைத்தியராகவும் வங்கி உத்தியோகத்தராகவும் ஆயினர். வெள்ளவத்தையிலே குடியிருந்து காலைப் புகையிரதத்தில் ஏறிக் கோட்டையிலோ மருதானையிலோ இறங்கிக் கந்தோருக்கு நடப்போரும், கொட்டாஞ்சேனையிலிருந்து பேருந்தில் வருவோரும் அவருட் பலர். இவர்கள் யாவரும் என்றோ ஒருநாள் ஓர் அறிக்கையையோ திட்டத்தையோ எழுதியே தீர்வர். பாலம் ஒன்றைத் திருத்தல் வேண்டும், கடன் ஒன்றைக் கொடுக்கலாம் அல்லது கொடுக்கலாகாது, வைத்தியசாலைக்குப் புதிய விடுதி ஒன்று தேவை என்று, தாம் அறிந்ததைத் தாம் அறியாத ஒருவருக்கு எழுத்தில் உணர்த்தவேண்டிய நாள் அது. அந்த நாளிலே நன்கு கற்றவர்களும் வழுக்கி விழுவதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம்.

காரணம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கின்றதென்பது எமது கருத்து. பள்ளியிலே கட்டுரை எழுதப் பழக்குகின்றனர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற முறையிலே, ஒரு குறளை வாயிலில் நிறுத்தி, மெல்ல மெல்லப் பொருளை விரித்து, இறுதியிலே கருத்தை வைக்கும் அம்முறை அழகியது. வாசிப்பவர் ஆசிரியர், வாசித்தல் அவர் கடமை, இறுதிவரை வந்தே தீர்வார். கந்தோரிலே அறிக்கையைக் கையில் எடுப்பவர்க்கோ அந்தக் கடமை இல்லை. அவர் மேசையில் இருபது கோவைகள் கிடக்கின்றன. தொலைபேசி அழைக்கின்றது, அமைச்சிலிருந்து ஆள் வந்து காத்திருக்கின்றார். அவருக்கு வேண்டியது ஒரு விடை. மாவட்ட வைத்தியசாலைக்கு ஒரு நீர்த்தாங்கி வேண்டும் என்பதைக் கூறவந்தவர், சங்கிலியன் காலத்திலிருந்து அவ்வூரின் வரலாற்றைத் தொடங்கி, பருவமழையின் இயல்பைக் கூறி, மக்கட்டொகையைப் பட்டியலிட்டு, 34ஆம் பக்கத்திலே தாங்கியைக் குறிப்பிடுவாராயின், அந்தத் தாங்கி ஒருநாளும் கட்டப்படமாட்டாது. கட்டுரையிலே முடிவு கடைசியில் வரும். அறிக்கையிலே அது முதற்பக்கத்திற்கு வருதல் வேண்டும். ஏனைய பக்கங்கள் அம்முடிவுக்குச் சான்று கூறுதற்கே உள்ளன.

இதனைச் சிறிய விடயம் என்று எண்ணுவோர் 2003ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதியை நினைத்துப் பார்ப்பாராக. அன்று கொலம்பியா என்னும் அமெரிக்க விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையிற் சிதைந்து, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். அது புறப்பட்ட வேளையிலே எரிபொருட்கலத்தின் மேலுறையிலிருந்து கழன்ற ஒரு துண்டு இடச்சிறகில் மோதியிருந்தது. அது தீங்கு விளைக்குமோ என்று பொறியியலாளர் ஆராய்ந்து, ஓடம் வானில் இருக்கும்போதே மேலதிகாரிகளுக்கு அறிவித்தனர். அறிவித்த தாளின் தலைப்பு அச்சம் தராத தலைப்பு. ஆனால் அதன் அடியிலே, சிறிய எழுத்திலே, உட்பிரிவின் உட்பிரிவாக ஒரு செய்தி இருந்தது: தாம் நம்பிய சோதனைகளிற் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், சிறகில் மோதிய துண்டோ 1920 கன அங்குலம். அஃதாவது 640 மடங்கு. அச்சோதனைகளைக் கொண்டு எதனையுஞ் சொல்ல இயலாது என்பதே அதன் பொருள். அந்தச் செய்தி தாளில் இருந்தது. வாசித்தவர் நெஞ்சிற் சேரவில்லை. பின்னர் விசாரித்த சபை, விபத்துக்கான பிற காரணங்களோடு, அத்தாள் எழுதப்பட்ட முறையையும் தனியே எடுத்துக் கண்டித்தது. உண்மையை எழுதிவிட்டோம், வாசியாதது அவர் குற்றம் என்று எழுதியவர் கைகழுவிவிட இயலாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலே நல்ல அறிக்கைக்கு எடுத்துக்காட்டு இல்லாமற் போகவில்லை. 1893ஆம் ஆண்டு மருதானையிலே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கிற்று. 1950இலே பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் தோன்றும்வரை இந்நாட்டு இளைஞர் பொறியியல் கற்றற்குரிய இடம் பெரும்பாலும் அதுவேயாம். நம் பழைய மாணவரும் பலர் அதன் படியேறியவர்களே. இன்றும் அவ்விடத்திலே வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே பயின்றவர்களுள் ஒருவர் காலியிற் பிறந்த டி. ஜே. விமலசுரேந்திரா. பொதுவேலைத் திணைக்களத்திலே பணியாற்றி மலைநாட்டு ஆறுகளை நேரிற் கண்டறிந்த அவர், 1918இலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் ஓர் ஆய்வுரையை வைத்தார். அதன் பெயர் இலங்கையில் மின்வலுப் பயன்பாட்டின் பொருளாதாரம் என்னும் பொருள்பட அமைந்தது. அந்தப் பெயரிலே 'பொருளாதாரம்' என்ற சொல் நிற்பதை வாசகர் கவனிப்பாராக.

மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் அழகிய ஆறுகள் என்றோ, நாட்டின் முன்னேற்றத்துக்கு மின்சாரம் இன்றியமையாதது என்றோ எழுதுவது எளிது, எவரும் மறுக்கார், எவரும் எதனையும் செய்யார். விமலசுரேந்திரா எழுதியது அவ்வகையன்று. இன்ன இடத்திலே நீர் விழுகின்றது. அதிலிருந்து இவ்வளவு வலுவைப் பெறலாம். அதன் விலை இவ்வளவு என்று, கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியிருந்த ஒரு நாட்டுக்கு அவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கால அரசு அதனை உடனே ஏற்கவில்லை. வேலை 1920களிலே தொடங்கியும் இடையில் நின்றது. லக்சபானாவின் முதற்கட்டம் 1950இலே 25 மெகாவாற் வலுவோடு இயங்கத் தொடங்கியபோது, அவர் ஆய்வுரைக்கு 32 வயது. 1953இலே மறைந்த அப்பெரியார் அதனைக் கண்டு மறைந்தார் என்பது எமக்கு ஆறுதல். எழுதியவரின் பதவி போனாலும், ஆண்ட அரசு போனாலும், கணக்கு நின்றது. முப்பதாண்டு கழித்து எடுத்துப் பார்த்தவர்களும் அதனைச் சரிபார்க்க முடிந்தது. 'பெருமளவு', 'கணிசமான', 'போதிய' என்ற சொற்களால் நிறைந்த அறிக்கைகளை அடுத்த ஆண்டே எவரும் சரிபார்க்க இயலாது என்பதை நம் இளைஞர் உணரவேண்டும்.

இனி, வடக்கே செல்வோம். நம் வாசகர் பலருக்கு அது வீட்டுச் செய்தி. 1950களிலே நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை அறியாதார் இலர். கனகராயன் ஆறும் வேறு சில ஆறுகளும் ஆனையிறவுக் கடனீரேரியில் வீழ்ந்து கடலோடு கலக்கின்றன. அக்கடனீரேரியைக் கடலிலிருந்து பிரித்து நன்னீர் ஏரியாக்குதல். அங்கிருந்து முள்ளியான் வாய்க்கால் வழியே நீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்லுதல். தொண்டைமானாற்றிலும் உப்பாற்றிலும் தடுப்பணைகளால் உவர்நீர் புகாமற் காத்தல். இவ்வாறு குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைக்குள் நன்னீரை ஊறவிட்டுக் கிணறுகளை வாழச்செய்தல் என்பது அதன் சாரம். ஆற்றைத் தோண்டாமல் ஆற்றைப் படைக்கும் திட்டம் அது. அதன் எளிமையை நாம் இன்றும் வியக்கின்றோம்.

நடந்தது என்ன? தொண்டைமானாற்று அணை எழுந்தது. அரியாலையிலே உப்பாற்று அணையும் எழுந்தது. சுண்டிக்குளத்து அணைக்கட்டை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முடிவுறாமல் நின்றது. அந்த வாய்க்கால் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளம். கொழும்பிலே மருதானையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு நடக்கும் தூரத்தை அதிகம் விஞ்சாது. அவ்வளவு தூரம் மண் வெட்டப்படாமையால், மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றையொன்று காணாமற் கிடந்தன.

இதற்குத் திட்டத்தை வகுத்தவர் பொறுப்பென்று நாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் நன்றிக்கேடாகும். ஆனால் திட்டம் எழுதும் இளைஞர் இதிலிருந்து ஒன்று கற்கலாம். பணம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஒதுக்கப்படும் நாடு இது. அரசு மாறும், அமைச்சர் மாறுவார், போரும் வந்தது. ஐந்து உறுப்புக்களாலான திட்டத்திலே மூன்றை முடித்துவிட்டு, 'அறுபது வீதம் நிறைவு' என்று அறிக்கை எழுதுவார் வருவர். அறுபது வீதம் கட்டிய பாலத்தில் எவரும் ஆற்றைக் கடப்பதில்லை. ஆகவே, எந்த உறுப்பு தனித்துப் பயன்தரும், எந்த உறுப்பு மற்றொன்று இல்லாவிடின் பயன்தராது, பணம் பாதியில் நின்றால் எதனை முதலில் முடித்தல் வேண்டும் என்பவற்றைத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். அதனை எழுதுதல் அவநம்பிக்கை என்று சிலர் கருதுகின்றனர். மேலிடத்துக்கு மகிழ்ச்சியான செய்தியையே அனுப்பவேண்டும் என்ற எண்ணம் நம் கந்தோர்களில் வேரூன்றிவிட்டது. மழை பிழைக்கும், பணம் குறையும், ஒப்பந்தகாரர் பிந்துவார் என்பவற்றை முன்கூட்டி எழுதுபவனே திட்டத்தின் நண்பன் என்பது எமது துணிபு.

அதே கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கும் நீரூட்டுகின்றது. 2010ஐ ஒட்டி, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, அக்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தின் தாகம் உண்மை. அதனைப் பொய்யென்று எவரும் கூறார். ஆயினும் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். மழை பொய்க்கும் ஆண்டிலே எம் வயலுக்கு நீர் உண்டா என்று கேட்டனர். அந்தக் கேள்வி திட்டத்தைத் திசைமாற்றி, இறுதியிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைப்பதற்கு இட்டுச்சென்றது. தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையில் நீரை வைத்து ஒரு மனக்கசப்பு எழுந்ததே என்பது எம்மை வருத்துகின்றது. அறிக்கையின் பட்டியல்களிலே 'பயன்பெறுவோர்' என்று ஒரு நிரல் எப்பொழுதும் உண்டு. 'இழப்போர்' என்று ஒரு நிரலைக் காண்பது அரிது. எந்தத் திட்டத்திலும் நீரோ நிலமோ பணமோ ஓரிடத்திலிருந்து எடுக்கப்பட்டே மற்றோரிடத்துக்குச் செல்கின்றது. எடுக்கப்படுபவனை எழுதுமுன்னே போய்க் காணாவிட்டால், எழுதியபின் அவனே வந்து காண்பான். அப்போது அவனோடு ஊரும் வரும்.

நகரமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் 1910களிலே சென்னை மாகாண நகரங்களைப் பற்றி எழுதியபோதும், 1921இலே கொழும்பைப் பற்றி முன்னோடி அறிக்கை வெளியிட்டபோதும் கைக்கொண்ட நெறி, முதலில் தெருத்தெருவாக நடந்து பார்த்தல் என்பதாம். நோயை அறிந்தபின்னரே மருந்து என்பார் அவர். வரைபடத்திலே நேர்கோடு இழுத்து அகலத்தெரு அமைத்து வீடுகளை இடிக்க முனைந்தோர்க்கு எதிராக, எங்கே ஒரு சுவரை மாத்திரம் நீக்கினாற் போதும் என்று அவர் சொல்ல முடிந்தது, அங்கே நடந்த காரணத்தினாலேயே. இக்காலத்திலே குளிரூட்டிய அறையிலிருந்து வானப்படத்தைப் பார்த்தே திட்டம் எழுதப்படுகின்றது. வானப்படத்திலே கிணறு தெரியும். கிணற்று நீர் உப்பென்பது தெரியாது.

மொழியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் அறிக்கை ஆங்கிலத்திலே பிறந்து, தமிழிலே நொண்டிக்கொண்டு வருகின்றது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்', 'ஆவன செய்யப்படல் வேண்டும்', 'இது விடயம் கவனத்திற் கொள்ளப்படுகின்றது' என்ற வசனங்களை நம் வாசகர் வேண்டியமட்டும் கண்டிருப்பர். எடுப்பவர் யார்? செய்பவர் யார்? கவனிப்பவர் யார்? தமிழ் வினைமுற்றிலே ஓர் அருமை உண்டு. 'செய்வேன்', 'செய்வார்', 'செய்வோம்' என்று சொல்லின் வாலிலேயே செய்பவன் நிற்கின்றான். எழுவாயை விட்டாலும் ஆள் மறைய முடியாத மொழி இது. அத்தகைய மொழியை எடுத்துப் 'படும்' என்ற ஒரு துணைவினையாலே செய்பவனை ஒளித்து வைப்பதற்குப் பயன்படுத்துகின்றோம். 'மூன்று குழாய்களும் திருத்தப்படல் வேண்டும்' என்று எழுதும் இடத்திலே, 'உதவிப் பொறியியலாளர் மூன்று குழாய்களையும் ஐப்பசி மழைக்கு முன் மாற்றுவார். செலவைப் பிரதேச சபை தரும்' என்று எழுதிப் பாருங்கள். எழுதும்போதே கை சற்றுத் தயங்கும். உதவிப் பொறியியலாளரைக் கேட்டீர்களா, பிரதேச சபை சம்மதித்ததா என்ற கேள்விகள் எழும். அந்தத் தயக்கத்திலேதான் அறிக்கை பிறக்கின்றது.

தமிழிலே தொழில்சார்ந்த எழுத்து இயலாது என்பாருக்கு மானிப்பாயை நினைவூட்டுகின்றோம். டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர் 1860களிலே அங்கே தமிழிலே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், வேண்டிய சொற்களை ஆக்கியும் தேடியும் கொண்டார். உடலை அறுக்கும் விதத்தைத் தமிழிலே பிழையறச் சொல்லக்கூடுமாயின், கால்வாய் வெட்டும் விதத்தைச் சொல்லுதல் அரிதாகாது. கலைச்சொல் தெரியாத இடத்திலே வழக்கிலுள்ள சொல்லை எழுதுக. தென்னிலங்கைப் பொறியியலாளரும் வடக்கு மேசனும் 'கொங்கிறீற்' என்றால் விளங்கிக்கொள்வர்.

சில்லறை வழுக்கள் பல. அவற்றை விரைந்து கூறிவிடலாம். பட்டியலில் உள்ள தொகையும் பந்தியில் உள்ள தொகையும் முரண்படுதல். ஒரு முரணைக் கண்ட அதிகாரி ஏனைய தொகைகளையும் நம்பார். விலை எந்த ஆண்டினது என்று குறியாமை. 2022இலே ரூபாய் வீழ்ந்தபின் இஃது எத்தனை மதிப்பீடுகளைக் குப்பையாக்கிற்று என்பதை ஒப்பந்தகாரர் அறிவர். அளவையைத் தெளிவாக எழுதாமை. யாழ்ப்பாணத்து உறுதிகளிலே பரப்பு என்பது வரகு விதைப்புக்கு ஓரளவு, நெல் விதைப்புக்கு வேறளவு என்பதை அறியாத கொழும்பு அளவையாளர் வழக்குக்கே வழிசெய்வார். ஓர் ஊருக்கு எழுதிய திட்டத்திலே ஊர்ப்பெயரை மாத்திரம் மாற்றி மற்றோர் ஊருக்கு அனுப்புதல் கணினி தந்த புதுநோய். மட்டக்களப்புக்கான அறிக்கையின் நடுவே வவுனியாவின் மழைவீழ்ச்சி தலைகாட்டினால், வாசிப்பவர் சிரிப்பதோடு நிற்கமாட்டார். இன்று கணினியே வசனமும் அமைத்துத் தருகின்றது. அதனை நாம் பழிக்கவில்லை. எழுத்துப் பிழையும் அதனாற் குறைகின்றது. ஆனால் எழுதப்பட்டதற்கு அடியிலே ஒப்பமிடுபவர் மனிதர். தாம் போய்ப் பாராத கிணற்றுக்குத் தாம் ஒப்பமிடலாகாது.

ஒன்றை மட்டும் மறுதலையாகவும் கூறவேண்டும். முடிவை முன்வைக்க வேண்டும் என்றோம் என்பதற்காக, மேலதிகாரி விரும்பும் முடிவை முன்வைத்துச் சான்றை அதற்கேற்ப வளைப்பது நாம் சொல்வதன்று. அவ்வகை அறிக்கைகள் அழகான அட்டையோடு வருகின்றன. முதற்பக்கம் மிகத் தெளிவாகவே இருக்கின்றது. இளம் உத்தியோகத்தர் ஒருவர் தம் மேலவரின் விருப்பத்துக்கு மாறான தொகையை எழுதத் துணிதல் எளிதன்று என்பதை நாம் அறிவோம். பதவியுயர்வும் இடமாற்றமும் அதில் தங்கியுள்ளன. அத்தகையோர்க்கு எமது ஆலோசனை: தொகையை எழுதுக, அது வந்த வழியை இணைப்பிலே முழுதும் காட்டுக, தேதியிட்டு ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்க. வாதாட வேண்டுவதில்லை. கோவையிலே தேதியோடு கிடக்கும் ஒரு கணக்கை அழித்தல், பேசிய சொல்லை அழித்தலிலும் அரிது.

நம் சங்கம் இவ்வகையிற் செய்யத்தக்க ஒரு சிறு பணி உண்டு. ஓய்வுபெற்ற பொறியியலாளரும் கணக்காய்வாளரும் நிருவாக சேவையாளரும் நம்மிடையே பலர். மருதானையிலும் மொறட்டுவையிலும் இன்று பயிலும் நம் தம்பிமார், தாம் எழுதிய முதல் அறிக்கைகளைக் கொண்டுவந்து காட்டுவதற்கு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கலாகாதா? வெள்ளவத்தையிலே ஒரு வீட்டு முன்விறாந்தையும் ஒரு கேத்தல் தேநீரும் போதும். மூத்தவர் சிவப்புப் பேனா எடுக்கவேண்டாம். முதற்பக்கத்தை மாத்திரம் வாசித்துவிட்டு, 'தம்பி, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்?' என்று கேட்டாற் போதும்.

விழா நினைவாக மண்டபம் ஒன்று எழுப்பவேண்டும் என்ற பேச்சும் அடிபடுகின்றது. அதன் திட்டம் பொதுக்கூட்டத்துக்கு வரும்போது, கட்டி முடித்த பின்னர் ஆண்டுதோறும் ஆகும் மின்கட்டணத்தையும் கூரை திருத்தும் செலவையும் யார் தருவார், பணம் பாதியில் நின்றால் எந்தப் பகுதியை முதலில் முடிப்பது என்பன முதற்பக்கத்தில் உளவா என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் பார்த்தபின் கையுயர்த்துமாறு வேண்டுகின்றோம்.